ஒரே டேபிளுக்கு ரெண்டு சர்வர்!

பௌர்ணமி ராத்திரி. மணி எட்டரை. கிரிவலப் பாதையில் எள் போட்டா எள் விழாத கூட்டம். அப்பாவோட டிபன் கடை வாசல்ல டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு ஒரு கும்பலே நிக்குது. "என்னம்மா, எவ்வளவு நேரம்?"னு ஆளாளுக்குக் குரல் கொடுக்கிறாங்க. நான் கிச்சனுக்குள்ள ஓடினேன். அங்கே எங்க மாஸ்டரண்ணன் தோசைக்கல்லுக்குப் பக்கத்துல ஹாயா கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டார் பாருங்க ஒரு கேள்வி...

"என்ன பாப்பா, இன்னிக்கு டோக்கன் வியாபாரம் டல்லு போல?"

ஙே!

வெளியே அடிதடி நடக்காத குறை. உள்ளே டல்லாம்! இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு ஆசாமிதான். அது, நான் எழுதின ப்ரோக்ராம்!

பில்டப் படலம்

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். சொந்த ஊர் திருவண்ணாமலை. எங்க கடை குபேரலிங்கத்துக்குப் போற வழியில இருக்கு. 14 கிலோமீட்டர் சுத்துல பாதிக்கு மேல நடந்து, கால் ஓய்ஞ்சு வர்றவங்களுக்கு அதுதான் சரியான ஸ்பாட். மத்த நாள்ல ஈ ஓட்டினாலும், பௌர்ணமியில எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

டேபிள்ல உட்கார்றவங்களுக்கு சப்ளையர் அண்ணன்கள் இருக்காங்க. டோக்கன் வாங்கி வாசல்லயே நின்னு சாப்பிடுறவங்களுக்குத்தான் பிரச்னை. அப்பா கல்லாவுல காசு வாங்கி, நீள நோட்டுல எழுதி, கிச்சனைப் பார்த்து கத்துவார். அந்த இரைச்சல்ல பொங்கல் வடையாகும், வடை தோசையாகும்.

'இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு வீட்டுல இருக்கும்போது இந்தக் கொடுமையா?'ன்னு களத்துல இறங்கினேன். டோக்கன் கவுன்ட்டர்ல என் லேப்டாப். கிச்சன்ல ஒரு பழைய மானிட்டர். அதுக்குப் பின்னாடி, எங்க டிபார்ட்மென்ட்ல சீனியர்கள் கைமாறி கைமாறி எனக்கு வந்து சேர்ந்த ஒரு ராஸ்பெர்ரி பை. உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர். நான் இங்கே ஆர்டர் டைப் பண்ணினா, அங்கே திரையில வரும். ப்ரோக்ராம் பைதான்ல. ஒரு வாரம் டெஸ்ட் பண்ணினேன். சூப்பரா ஓடுச்சு.

"அப்பா, இனிமே நோட்டை மூட்டை கட்டுங்க!"ன்னு செம அலப்பறை வேற.

அப்பா சிரிச்சார். நோட்டை மட்டும் மூடலை. "இருபது வருஷப் பழக்கம்மா. கை சும்மா இருக்காது"ன்னு காசு வாங்கும்போதெல்லாம் எழுதிக்கிட்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

ஒரு 'ப்' போட்ட ஆப்பு

எட்டு மணி வரைக்கும் எல்லாம் ஜோர். அப்போ மாஸ்டரண்ணன் உள்ளே இருந்து, "பாப்பா, 'சபாத்தி'ன்னா என்னா?"ன்னு நக்கல் விட்டார். சப்பாத்தியில ஒரு 'ப்' மிஸ்ஸிங்! மானம் போச்சேன்னு, லேப்டாப்ல இருந்தே கிச்சன் கம்ப்யூட்டருக்குள்ள போய் எழுத்தைத் திருத்தினேன். ஓடிக்கிட்டிருந்த பழைய ப்ரோக்ராமை நிறுத்த கமாண்ட் அடிச்சேன். புதுசை ஸ்டார்ட் பண்ணினேன். எந்த எரரும் வரலை. ஆஹா, வேலை முடிஞ்சுதுன்னு அடுத்த டோக்கனுக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் நான் அனுப்பின ஒரு ஆர்டர்கூட மானிட்டர்ல வரலை. 25 நிமிஷம். 23 டோக்கன்.

அதுல ஒரு டோக்கன் ஒரு பாட்டியோடது. ரெண்டே ரெண்டு இட்லி. "சுகர் மாத்திரை போடணும்மா, கொஞ்சம் சீக்கிரம்"னு சொல்லிட்டு வாங்கினாங்க. மூணு தடவை வந்து கேட்டாங்க. மூணு தடவையும் நான் என் லேப்டாப்பைப் பார்த்து, "கிச்சனுக்குப் போயிடுச்சு பாட்டி, ரெண்டு நிமிஷம்"னு சொன்னேன். திரையில 'அனுப்பியாச்சு'ன்னுதானே இருக்கு? நாலாவது தடவை பாட்டி வரலை. போயிட்டாங்க.

விஷயம் தெரிஞ்சு நான் கிச்சனுக்கும் கவுன்ட்டருக்கும் ஓடுறேன். மானிட்டர் வயரைப் பிடுங்கிச் சொருகுறேன். ப்ரோக்ராம் எழுதி வைக்கிற பதிவைத் திறந்து பார்த்தா, 23 ஆர்டரும் நேரத்தோட அழகா வந்து இறங்கியிருக்கு. வந்திருக்கு, ஆனா திரையில இல்லை! மண்டை காய்ஞ்சு போச்சு.

அப்பா ஒண்ணும் பேசலை. நோட்டுல இருந்து ரெண்டு பக்கத்தைக் கிழிச்சு மாஸ்டர்கிட்ட கொடுத்தார். "வரிசையா போட்டுக்கிட்டே வாப்பா." அவ்வளவுதான். அரை மணி நேரத்துல கூட்டம் கரைஞ்சுது. ஆனா நாலு டோக்கனுக்கு ஆள் இல்லை. காசு கொடுத்துட்டு, சாப்பிடாமலே நடந்துட்டாங்க.

நட்டநடு ராத்திரி ஆராய்ச்சி

கடையைச் சாத்தும்போது மணி ஒண்ணரை. தூக்கம் வருமா? கிச்சன் கம்ப்யூட்டர்ல என்னென்ன ஓடுதுன்னு பட்டியல் எடுத்துப் பார்த்தேன்.

என் ப்ரோக்ராம் ஓடுது. ரெண்டு!

நிறுத்துற கமாண்ட்ல ப்ரோக்ராம் பேரை ஒரு எழுத்து தப்பா அடிச்சிருக்கேன். 'அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே'ன்னு அது சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஆக, பழசு உயிரோட மானிட்டரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. தூரத்துல இருந்து நான் ஸ்டார்ட் பண்ணின புதுசு, ஆர்டர் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, மானிட்டரே இல்லாம இருட்டுல உட்கார்ந்திருக்கு.

தப்பு என் மேலதான். ஆனா ஒரு சந்தேகம். ரெண்டு ப்ரோக்ராம் ஒரே இடத்துல எப்படி உட்கார முடியும்?

இதைப் புரிஞ்சுக்க நம்ம கோயிலுக்கு வாங்க. பௌர்ணமி அன்னிக்கு ஃப்ரெண்டுகிட்ட "கோயில்ல நிக்கிறேன்"னு சொன்னா கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. "பேய் கோபுர வாசல்"னோ "அம்மணி அம்மன் கோபுர வாசல்"னோ சொல்லணும். நெட்வொர்க்கும் இப்படித்தான். ஐ.பி. அட்ரஸ்ங்கிறது கோயில். போர்ட் நம்பர்ங்கிறது வாசல். கோயிலுக்கு நாலு கோபுர வாசல்னா, கம்ப்யூட்டருக்கு 65,535 வரைக்கும் வாசல் நம்பர் உண்டு. ஒரு ப்ரோக்ராம் 'இந்த வாசல்ல நான் நிக்கிறேன், இங்கே வர்ற தபால் எனக்கு'ன்னு துண்டு போட்டு இடம் பிடிக்கிறதுக்குப் பேர்தான் பைண்ட். வாசல்ல நிக்கிற அந்த ஆளுக்குப் பேர் சாக்கெட். 1983-ல அமெரிக்காவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்து வந்த 4.2 பி.எஸ்.டி.யில ஆரம்பிச்ச ஏற்பாடு இது. இன்னிக்கு வரைக்கும் உங்க போன்ல, லேப்டாப்ல ஓடுறது எல்லாம் அந்த வழியிலதான்.

சட்டம் சிம்பிள். ஒரு வாசலுக்கு ஒரு ஆள். ரெண்டாவது ஆள் வந்தா, 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'னு சிஸ்டம் கத்தணும். காலேஜ் லேப்ல இந்த எரரை வாங்காத ஆளே கிடையாது! அதை நம்பித்தானே நான், 'எரர் வரலை, அப்போ பழசு போயிடுச்சு'ன்னு முடிவு கட்டினேன்?

சோதிச்சுப் பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். கிச்சன் கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராமை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டாவது தடவையும் ஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டும் சமர்த்தா ஓடுது. ஆர்டர் அனுப்பினா, எல்லாம் பின்னாடி வந்தவனுக்கே போகுது. முன்னாடி வந்தவனுக்கு ஒரு தகவலும் இல்லை. அதே ப்ரோக்ராமை உபுண்டு போட்ட என் லேப்டாப்ல ரெண்டு தடவை ஓட்டினேன். ரெண்டாவது தடவை... 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'!

அட! அதே கோடு. இங்கே கத்துது, அங்கே கத்தலை. என்ன வித்தியாசம்? பைதான் வெர்ஷன். லேப்டாப்ல இருந்தது புதுசு. சீனியர் கொடுத்த பழைய மெமரி கார்டுல இருந்தது 3.7.3.

'அசிங்க்'கப்பட்ட கதை

நான் பயன்படுத்தினது பைதானோட கூடவே வர்ற ஒரு லைப்ரரி. பேரு அசிங்க்ஐஓ. (அதை நம்பி அசிங்கப்பட்டது நான். ஹி... ஹி...) நெட்வொர்க்ல செய்தி அனுப்ப ரெண்டு முக்கியமான வழி உண்டு. டி.சி.பி.ங்கிறது போன் கால் மாதிரி. அந்தப் பக்கம் 'ஹலோ' வந்தாத்தான் பேச்சே. யு.டி.பி. போஸ்ட் கார்டு மாதிரி. எழுதிப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம், சேர்ந்துதான்னு தெரியாது. 1980-ல வந்த அதோட விதிமுறை மூணே பக்கம்தான். எளிமையா இருக்கேன்னு நான் போஸ்ட் கார்டைப் பிடிச்சேன்.

இப்போ வில்லன் என்ட்ரி. சாக்கெட்டுக்கு 'ரீயூஸ் அட்ரஸ்'னு ஒரு செட்டிங் இருக்கு. டி.சி.பி.யில இது நல்ல பிள்ளை. போன் வச்ச பிறகும் லைன்ல ஏதாவது மிச்சம் வருதான்னு சிஸ்டம் கொஞ்ச நேரம் காத்திருக்கும். லினக்ஸ்ல 60 விநாடி. அந்த நேரத்துல சர்வரை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா இடம் கிடைக்காது. ரீயூஸ் போட்டா உடனே கிடைக்கும். அப்பவும் லினக்ஸ்ல ஒரே வாசல்ல ரெண்டு பேர் நிக்க விடாது.

யு.டி.பி.யில அதே செட்டிங்குக்கு அர்த்தமே வேற! ஒரே செய்தியைப் பல பேருக்குச் சேர்க்கிற மல்டிகாஸ்ட் மாதிரி விஷயங்களுக்கு அது தேவைப்படும். ஆனா சாதாரண செய்திக்கு அதைப் போட்டா, ரெண்டு ப்ரோக்ராம் ஒரே வாசல்ல நிக்கலாம். தபால் யார் கைக்குப் போகும்ங்கிறதுக்கு உத்தரவாதம் கிடையாது. பேரு ஒண்ணு, குணம் ரெண்டு.

அசிங்க்ஐஓ-வுல யு.டி.பி. சாக்கெட் திறந்தா, லினக்ஸ்ல இந்த ரீயூஸ் தானாகவே 'ஆன்' ஆகியிருந்தது. நீங்க கேட்கவே வேண்டாம்! நான் கேட்கலை. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது.

ஆபத்து என் இட்லியோட நிக்கலை. ஒரே கம்ப்யூட்டர்ல வேற ஒரு யூசரோட ப்ரோக்ராம் வந்து அதே வாசல்ல நின்னு, உங்களுக்கு வர்ற செய்தியை வாங்கிக்கலாம். ஹாஸ்டல்ல உங்க பேருக்கு வந்த பார்சலை பக்கத்து ரூம்காரி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா எப்படி இருக்கும்? அதுவும் வார்டன் ஒரு வார்த்தை சொல்லாம! இதை 2019-ல பாதுகாப்புப் பிரச்னையா எடுத்துக்கிட்டு, அந்த டிசம்பர்ல பைதான் டெவலப்பர்கள் சரி பண்ணினாங்க. 3.8.1, 3.7.6, 3.6.10 மூணுலயும் அந்த ஆட்டோமேட்டிக் ரீயூஸ் தூக்கப்பட்டது. 'இல்லை, எனக்கு அது வேணும்'னு யாராவது ப்ரோக்ராம்ல எழுதினா, பைதான் எரர் கொடுத்துடும். 2022-ல வந்த 3.11-ல அந்த ஆப்ஷனையே மொத்தமா எடுத்துட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமா? பக் ஃபிக்ஸ்னா நூறு வரி புதுசா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இங்கே அவங்க செய்ததோட சாரம், ஒரு சலுகையைத் திரும்ப வாங்கினதுதான். யாரோ ஒருத்தரோட பழைய ப்ரோக்ராம் அதனால நின்னு போகலாம். நின்னாலும் பரவாயில்லை, எரர் கொடுத்துட்டு நிக்கட்டும். சத்தமே இல்லாம தபால் தொலையறதைவிட அது மேல்னு முடிவெடுத்திருக்காங்க.

என் கார்டுல இருந்த 3.7.3 அந்தத் திருத்தத்துக்கு மூணு வெர்ஷன் முன்னாடி. சீனியர் அப்டேட் பண்ணலை. நானும் பண்ணலை. நொந்து நூடுல்ஸ் ஆகி, விடியக்காலை நாலு மணிக்குப் படுத்தேன்.

அப்பா சொன்ன ஃபிக்ஸ்

காலையில அப்பா காபி கொடுத்துட்டுக் கேட்டார். "என்னம்மா ஆச்சு ராத்திரி?"

போர்ட், சாக்கெட், ரீயூஸ்னு ஆரம்பிச்சேன். அப்பா முகத்தைப் பார்த்துட்டு நிறுத்தினேன். அப்புறம் கடை பாஷையில சொன்னேன். "ஒரே டேபிளுக்கு ரெண்டு சர்வர் நின்னுட்டாங்கப்பா. ஆர்டரை எல்லாம் புது சர்வர் வாங்கிக்கிட்டான். கிச்சனுக்கு வழி தெரிஞ்சது பழைய சர்வருக்கு மட்டும்தான்."

அப்பாவுக்கு டக்குனு புரிஞ்சுது. "ரெண்டாவது ஆள் வந்து நிக்கும்போதே மொத ஆள் 'இது என் டேபிள்'னு சொல்லியிருக்கணும்ல?"

"அதேதான்ப்பா! அதைச் சொல்லவிடாமப் பண்ணிட்டாங்க."

"அது சரி, நான் 'ரெண்டு பொங்கல்'னு கத்தினா மாஸ்டர் என்ன சொல்வார்?"

"ரைட்டுன்னு குரல் கொடுப்பார்."

"குரல் வரலைன்னா?"

"திரும்பக் கத்துவீங்க."

"உன் மிஷின் ரைட்டு சொல்லுச்சா?"

பல்பு! மூணு வருஷம் நெட்வொர்க்ஸ் பாடம் படிச்ச எனக்கு, அப்பா ரெண்டே கேள்வியில சிலபஸை முடிச்சுட்டார். போஸ்ட் கார்டு போட்டுட்டு, போய்ச் சேர்ந்ததான்னு பார்க்காமலே 'அனுப்பியாச்சு'ன்னு திரையில காட்டினது நான். அந்த வார்த்தையை நம்பித்தான் பாட்டிகிட்ட மூணு தடவை சொன்னேன். 'அனுப்பியாச்சு' வேற, 'சேர்ந்தாச்சு' வேற. பைதான் மேல பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்க முடியாது.

அன்னிக்கே ரெண்டு வேலை பண்ணினேன். ஒண்ணு, சாக்கெட்டை நானே கையால திறந்து, ரீயூஸ் இல்லாம பைண்ட் பண்ணி, அதை அசிங்க்ஐஓ கையில கொடுத்தேன். அஞ்சே வரி. பழைய வெர்ஷனா இருந்தாலும் இப்போ ரெண்டாவது ஆள் நிக்க முடியாது. அப்புறம் மெமரி கார்டையும் புதுசா போட்டேன். ரெண்டு, கிச்சன்ல ஆர்டர் வந்ததும் அது திரும்ப 'ரைட்டு'ன்னு ஒரு செய்தி அனுப்பும். அது வந்தாத்தான் என் திரையில பச்சை. மூணு விநாடியில வரலைன்னா சிவப்பு, கூடவே பீப் சத்தம்.

அந்த நாலு டோக்கன் காசு 210 ரூபாய். அப்பா அதைக் கல்லாவுல சேர்க்கலை. ஒரு கவர்ல போட்டு, மேலே 'திருப்பித் தரணும்'னு எழுதி, சாமி படத்துக்குப் பின்னாடி வச்சார். யாருக்குத் தரணும்னு எங்களுக்குத் தெரியாது. பேரு, ஊரு, ஒண்ணும் கிடையாது. பதிவுல இருக்கிறது ஒரே வரி: 'டோக்கன் 61, இட்லி 2'.

அடுத்த பௌர்ணமி

கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, சாயந்திரம் அஞ்சு மணிக்கு, வேணும்னே ஓடிக்கிட்டிருந்த ப்ரோக்ராமுக்கு மேல இன்னொண்ணை ஸ்டார்ட் பண்ணினேன்.

'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்!'

சிவப்பு எழுத்துல திட்டு வாங்கிட்டு, கை தட்டிச் சிரிச்ச ஆளைப் பார்த்திருக்கீங்களா? மாஸ்டரண்ணன் பார்த்தார். "பாப்பாவுக்கு என்னா ஆச்சு?"ன்னு சப்ளையர் அண்ணனைக் கேட்டார்.

லேப்ல எரர் வந்தா எரிச்சல்படுற கோஷ்டிதான் நானும். இப்போ எரர் வந்தா, 'சொன்னியே, நல்லா இரு'ன்னு தோணுது. திட்டுற ஃப்ரெண்டை நம்பலாம் மக்களே. எதைச் செய்தாலும் 'ஓகே ஓகே'ன்னு தலையாட்டுற ஆள்கிட்டத்தான் உஷாரா இருக்கணும்.

அன்னிக்கு ராத்திரி டோக்கன் ஒண்ணுகூட தொலையலை. அப்பா வழக்கம்போல நோட்டுல எழுதிக்கிட்டேதான் இருந்தார். இந்தத் தடவை எனக்குக் கடுப்பு வரலை. ரெண்டாவது நோட்டு ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கேன்.

இடையிடையே, வயசான அம்மாக்கள் யாராவது கவுன்ட்டர் பக்கம் வந்தா, அப்பாவும் நானும் ஒரே நேரத்துல நிமிர்ந்து பார்த்தோம். அந்தப் பாட்டி வரலை. கவர் இன்னும் சாமி படத்துக்குப் பின்னாடியேதான் இருக்கு.